தண்ணீரை மட்டும் சோதித்தால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

துறைமுகங்களை ஆழப்படுத்துவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை செலவையும் வணிகத்தையும் விரிவாகப் பேசியது. ஆனால், ஆலைக்கழிவு கலப்பது நின்று தண்ணீரும் தரச் சோதனையில் தேறிவிட்டதால் இனிக் கவலையில்லை என்ற அதன் தொனி உறுத்தியது. பழைய நகரத் துறைமுகங்களில் நஞ்சின் பெரும்பகுதி கிடப்பது அடிச்சேற்றில்.

பி.சி.பி. எனப்படும், குளோரின் சேர்ந்த ஆலை வேதிப்பொருள்கள் போன்றவை நீரில் எளிதில் கரையாமல் களிமண்ணிலும் மட்கிலும் ஒட்டிக்கொள்கின்றன. ஈயமும் காட்மியமும் ஆக்சிஜன் எட்டாத கருஞ்சேற்றில் கந்தகத்தோடு சேர்ந்து சல்பைடுகளாகக் கட்டுண்டு கிடக்கின்றன. சேறு கலங்கி ஆக்சிஜன் பட்டதும் அந்தக் கட்டு அவிழ்ந்து, உலோகத்தின் ஒரு பகுதி நீரில் கரைகிறது.

கலக்குவது தூர்வாரும் இயந்திரம் மட்டுமா? ஆழம் குறைந்த இடத்தில் கப்பலைத் திருப்பும் இழுவைப் படகின் விசிறி, புயல், வெள்ளம், கழிமுகத்தில் அன்றாட ஏற்றவற்றம் எல்லாமே கலக்குகின்றன. மணல் சீக்கிரம் அடங்கிவிடும். இரண்டு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு) களிமண் துகளோ, தனித்திருந்தால், அசையாத நீரிலும் ஒரு மீட்டர் இறங்க மூன்று நாள் எடுக்கும். நஞ்சு அதிகம் ஒட்டுவதும் அந்த நுண்துகள்களில்தான். உப்புநீரில் அவை திரண்டு விரைவாகப் படிவது உண்மையே. அடுத்த நீரோட்டத்தில் மறுபடி கிளம்புவதும் உண்மை.

அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் 1973-இல் ஃபோர்ட் எட்வர்ட் அணையை அகற்றியபோது, பின்னால் தேங்கியிருந்த பி.சி.பி. சேறு கீழ்நோக்கி அடித்துச் செல்லப்பட்டது. 2009-இல் அதே ஆற்றைத் தூய்மைப்படுத்தத் தூர்வாரியபோதும் பி.சி.பி. அளவு வரம்பைத் தாண்ட, வேலையைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். தொடர்ந்து அளந்துகொண்டிருந்ததால்தான் அது தெரிந்தது. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் பாதரசச் சேற்றை வாரித் தடுப்புக்குள் அடைக்கும் பணி 1977-இல் தொடங்கி 1990-இல்தான் முடிந்தது.

சேற்றைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கப்பல் ஓய்ந்த தெளிந்த நேரத்தில் மாதிரி எடுத்து, அதையும் துகளோடு ஒட்டிய நஞ்சு நீங்கும்படி வடிகட்டிப் பார்த்துவிட்டுச் சுத்தம் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. கப்பல் திரும்பும்போதும், வற்றம் வேகமாக இறங்கும்போதும், வடிகட்டியும் வடிகட்டாமலும் அளக்க வேண்டும். தூர்வாருமிடத்தைச் சுற்றித் தொங்கவிடும் சேற்றுத்திரை துகளை ஓரளவு மறிக்கும்; கரைந்த நஞ்சுக்கு அது தடையே அல்ல, நீரோட்டம் பலமான இடத்தில் துகளுக்கும் பெரிய தடையல்ல.

அடுத்த முறை இத்தகைய திட்டம் பற்றி எழுதும்போது, அடிச்சேற்றின் சோதனை முடிவுகளையும், வாரிய சேறு எங்கே போகிறது என்பதையும் உங்கள் செய்தியாளர்கள் கேட்டு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்