வேலூர் வெயிலுக்கு ஒத்துவராத ஈஸ்டர் ரொட்டி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல போர்ச்சுகல் நாட்டு ஈஸ்டர் ரொட்டி செய்முறை போட்டிருந்தீங்க. ஃபோலார்னு பேரு, முழு முட்டைய ஓட்டோட மாவு மேல பதிச்சு, மேல சிலுவை மாதிரி ரெண்டு மாவு பட்டை போட்டு பேக் பண்றது. படம் அருமையா இருந்துச்சு. பண்டிகைனா பிளம் கேக்கு, இல்லனா பால் பன்னுனு இருக்கற ஊர்ல இந்த மாதிரி புதுசா ஒண்ணு வந்தா சந்தோஷம் தான், அதுல குறை இல்ல. ஆனா அந்த செய்முறைய யாரோ குளிர் நாட்ல உக்காந்து எழுதுனத அப்படியே எடுத்து போட்டுட்டீங்கனு படிச்ச உடனே தெரிஞ்சிடுச்சு. "வெதுவெதுப்பான பாலில் ஈஸ்ட்டைக் கரைத்து, பிசைந்த மாவை கதகதப்பான இடத்தில் இரண்டு மணி நேரம் வைக்கவும்"னு இருக்கு. சார், பங்குனி வெயில்ல வேலூர்ல கதகதப்பான எடத்த தேடணுமா? கதகதப்பு இல்லாத எடம் எங்க இருக்குனு சொல்லுங்க, நாங்களே போய் உக்காந்துக்கறோம்.

எங்க தெருவுல ஒரு அக்கா ஈஸ்டருக்கு முன்னாடி ஒத்திகை பாக்கலாம்னு நீங்க போட்டத வரி பிசகாம பண்ணாங்க. மாவு ஒரு மணி நேரத்துக்குள்ளயே பாத்திரத்த தாண்டி வழிஞ்சு, அப்பால அப்படியே அமுங்கி போய், மூடிய தெறந்தா சாராய வாட. சுட்டு எடுத்தா மேல கறுப்பு, உள்ள களி. அவங்க ஈஸ்ட் சரியில்லனு கடைக்காரர்கிட்ட சண்டைக்கே போயிட்டாங்க, பாவம் அந்த மனுஷன். ஈஸ்ட் மேல ஒரு தப்பும் இல்ல, அது ஜோரா வேலை செஞ்சிருக்கு, அதான் பிரச்சனையே.

இனிப்பு ரொட்டி மாவு பிசைஞ்சு முடிக்கும்போது 24லேருந்து 27 டிகிரிக்குள்ள இருக்கணும். நம்ம ஊர் அடுப்படில மதியம் 35, 36 டிகிரி சாதாரணம், அதுல வெதுவெதுப்பான பால வேற ஊத்துனா மாவு ஆரம்பத்துலயே 35 தாண்டிடும். அந்த சூட்ல ஈஸ்ட் கன்னாபின்னானு சக்கரைய தின்னு புளிப்பும் ஆல்கஹாலும் உண்டாக்கிடுது, வெண்ணெய் உருகி மாவ விட்டு வெளிய வந்துடுது, மாவுக்கு இழுவை வர்றதுக்கு நேரமே கெடைக்கறதில்ல. இட்லி மாவுக்கு நாம பாக்கற கணக்கு தான் இது, சித்திரைல சாயந்திரம் அரைச்ச மாவ ராத்திரி பூரா வெளிய வச்சுட்டு தூங்குற வேலூர்க்காரி யாராவது உண்டா? அந்த புத்திய ரொட்டிக்கும் காட்டணும், அவ்ளோ தான். இன்னொண்ணு, வெதுவெதுப்புனா எவ்ளோ சூடு? காப்பிய பொங்க பொங்க குடிக்கறவங்களுக்கு ஒரு அளவு, ஆற வச்சு குடிக்கறவங்களுக்கு ஒரு அளவு. 55, 60 டிகிரி போச்சுனா ஈஸ்ட் செத்தே போயிடும்.

அதனால எங்க வீட்ல எல்லாமே ஃப்ரிட்ஜ்லேருந்து தான். அரை கிலோ மைதா, அதையே ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சுடறது. 120 கிராம் சக்கரை, 80 கிராம் வெண்ணெய், ரெண்டு முட்டை, பால் ஒரு 170 மில்லி, உப்பு ஒரு டீஸ்பூன், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், இடிச்ச சோம்பு ஒரு ஸ்பூன், பட்டை தூள் ஒரு ஸ்பூன். பாலும் முட்டையும் ஜில்லுனே போகட்டும், இன்ஸ்டன்ட் ஈஸ்ட்ட எதுலயும் கரைக்க வேணாம், நேரா மாவுல போட்டா போதும். பால ஒரே அடியா ஊத்தாதீங்க, ஒவ்வொரு பிராண்டு மைதா ஒவ்வொரு மாதிரி குடிக்கும். வெண்ணெய கடைசில தான் சேக்கணும், அதுவும் உருக்கி இல்ல, வெரல் அழுத்துனா பள்ளம் விழற பதத்துல. நம்ம மைதாவுல புரோட்டீன் கம்மி, அதனால கை வலிக்க வலிக்க பிசையணும், ஒரு துண்டு எடுத்து இழுத்தா கிழியாம அந்த பக்கம் வெளிச்சம் தெரியணும், அது வரைக்கும் விடக்கூடாது. அப்பால ஒரு முக்கா மணி நேரம் வெளிய, மாவு லேசா எழும்ப ஆரம்பிச்சதும் மூடி போட்டு ஃப்ரிட்ஜ்ல ராத்திரி பூரா. காலைல வெயில் ஏறதுக்கு முன்னாடி எடுத்து உருட்டி, அவிச்ச முட்டைய ஓட்டோட பதிச்சு, திரும்ப உப்புற வரைக்கும் வச்சு சுடலாம். இதுக்கு கடிகாரத்த பாத்து புண்ணியமில்ல, வெரலால மெதுவா அமுக்குனா அந்த குழி மெல்ல மெல்ல மேல வரணும், அதான் பதம். டக்குனு வந்தா இன்னும் நேரம் இருக்கு, வரவே இல்லனா லேட் பண்ணிட்டீங்க.

நீங்க போட்ட கப்பு கணக்கும் எனக்கு புடிபடல. மூணே முக்கா கப் மைதானு போட்டிருக்கீங்க, எந்த கப்? வெளிநாட்டு கப் 240 மில்லி, நம்ம வீட்ல டம்ளர் தான் கப், அது ஒவ்வொரு வீட்லயும் ஒரு சைஸ். மைதாவ அழுத்தி அள்ளுனா ஒரு எடை, தூவி அள்ளுனா ஒரு எடை. சாம்பாருக்கு பரவால்ல, ரொட்டிக்கு ஆகாது. தராசு இப்ப லாங்கு பஜார்லயே சல்லிசா கெடைக்குது, தயவு செஞ்சு கிராம்ல போடுங்க.

கட்டுரைல எழுதுன விஷயத்துலயும் கொஞ்சம் சேக்கணும். ஃபோலார்னா போர்ச்சுகல் பூரா இனிப்பு தான்ற மாதிரி எழுதிட்டீங்க. வடக்க மலைப்பக்கம், சாவிஷ்ன்ற ஊர் பக்கமெல்லாம் ஃபோலார்ல சக்கரையே கெடையாது, மாவுக்குள்ள பன்னிக்கறி சாசேஜும் உப்பு போட்டு பதப்படுத்துன தொடைக்கறியும் வச்சு சுடறாங்க. ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற லெந்து காலம், அதான் தவக்காலம், முழுக்க கறிய விட்டிருந்துட்டு ஈஸ்டருக்கு வெட்றதுக்கு அது. தெக்க ஒல்யாவ்ன்ற கடலோர ஊர்ல மாவ மெல்லிசா தட்டி, நடுநடுல வெண்ணெய், சக்கரை, பட்டை போட்டு அடுக்கு அடுக்கா வைக்கறாங்க, அந்த சக்கரை அடில பாகா எறங்கி ஒட்டிக்கும். எங்க வீட்ல மட்டன் கைமாவ வச்சு அந்த வடக்கத்தி டைப்ப பண்ணி பாத்தோம், எம்மா, வீட்டுக்காரருக்கு இனிப்பு ரொட்டியே வேணாமாம் இனிமே.

அப்புறம் நீங்க விட்டுட்ட பெரிய விஷயம், இந்த ரொட்டி யாருக்குன்றது. அங்க ஞானஸ்நான தாய் தகப்பன் ஈஸ்டருக்கு தங்களோட ஞானப்பிள்ளைக்கு குடுக்கற சீரு தான் ஃபோலார். ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்தோலை ஞாயிறு அன்னிக்கு பிள்ளை பூவோ ஒலிவ கொழுந்தோ கொண்டாந்து குடுக்கும், பதிலுக்கு ஈஸ்டர்ல இவங்க ரொட்டி குடுப்பாங்க. நம்ம பக்கம் ஞானஸ்நானத்து அன்னிக்கு டிரஸ்ஸும் செயினும் போட்டு போட்டோ புடிச்சதோட ஞானத்தாய் ஒறவு முடிஞ்சு போற வீடு எத்தனையோ இருக்கு, அதனால எனக்கு இது ரொம்ப புடிச்சுது. என் நாத்தனார் பொண்ணு லிஸ்பன்ல இருக்கா, அவ வீட்டு ஓனரம்மா பிசைஞ்ச மாவு மேல கையால சிலுவை போட்டு புனித மமேது, புனித வின்சென்ட், புனித யோவான்னு புனிதர்ங்க பேர சொல்லி, மாவு பொங்கட்டும் பெருகட்டும்னு ஜெபம் சொல்ற வீடியோ அனுப்பியிருந்தா. அங்க இது பழைய வழக்கமாம், எங்க அம்மா வழி பாட்டி அரிசி வேக வைக்கும்போது பண்ணது ஞாபகம் வந்துடுச்சு.

முட்டைக்கு செவப்பு ஃபுட் கலர் போட சொல்லியிருக்கீங்க, அது தேவையே இல்ல. அங்க பழைய ஆளுங்க வெங்காய தோல்ல தான் முட்டைய வேக வைக்கறாங்க. பெரிய வெங்காய தோலு ரெண்டு கை நெறைய, தண்ணில போட்டு முட்டையோட கொதிக்க விட்டா செங்கல் கலர்ல வந்துடும். நேதாஜி மார்க்கெட்ல வெங்காய கடையாண்ட கேட்டா தோல சும்மாவே அள்ளி குடுப்பாங்க, இன்னாத்துக்குமானு ஒரு மாதிரி பாப்பாங்க, அது வேற விஷயம்.

ஓவன் இல்லாதவங்க என்ன பண்றதுனு ஒரு வரி கூட இல்லயே. எங்க ஏரியாவுல விறகு அடுப்பு வச்சிருக்கற பேக்கரி பாய்கிட்ட கேட்டா அவரோட ரொட்டி லாட் எறக்கனதும் கொறையற சூட்ல நம்மளத உள்ள தள்ளி குடுக்கறார். அங்க கிராமத்துலயும் விறகு அடுப்புல தான் சுடறாங்க, அந்த ருசி ஓடிஜில, அதான் வீட்ல வைக்கற சின்ன கரண்ட் ஓவன்ல, வராது. ஓடிஜினா 180 டிகிரி, அரை மணி நேரம், கீழ் தட்டுல வைங்க, மேல செவந்ததும் அலுமினியம் ஃபாயில் போட்டு மூடுங்க, இல்லனா சக்கரையும் மேல தடவுன முட்டையும் கருகிடும். நடுவுல கரண்ட் போனா கதவ தெறக்காம அப்படியே விடுங்க, வேற வழி இல்ல. முட்டை இல்லாம பண்ணலாமானு கேக்கறவங்களுக்கு, பண்ணலாம், நல்ல பன்னு வரும், ஃபோலார் வராது.

நான் எழுத உக்காந்ததுக்கு முக்கிய காரணம் கடைசி வரி தான். "மூன்று நாள் வரை வெளியில் வைத்துச் சாப்பிடலாம்"னு போட்டிருக்கீங்க. ரொட்டி ஓகே, முட்டை? அவிச்ச முட்டைய ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்கக்கூடாது, அதுவும் நம்ம வெயில்ல இன்னும் கம்மி. சுட்டு ஆறினதும் முட்டைய எடுத்து சாப்ட்டுடணும், இல்ல ஃப்ரிட்ஜ்ல வைக்கணும், சின்ன பசங்களுக்கு குடுக்கற ரொட்டி இது. ஈஸ்டருக்கு இன்னும் நாள் இருக்கு, அடுத்த ஞாயிறு இணைப்புலயே கட்டம் கட்டி இந்த ஒரு திருத்தத்தயாவது போட்டுடுங்க, கிராம் கணக்கு அதுக்கு அப்பால வந்தா கூட பரவால்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்.