தனி விமானப் பதிவும் லாரி புக்கிங் ஆபீஸும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனி விமானப் பயணங்களை இணையவழியில் பதிவு செய்து தரும் தொழிலைக் கோவையிலிருந்தே தொடங்கலாம் என்று இளைஞர்களுக்கு வழிகாட்டித் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். விமானம் வாங்க வேண்டியதில்லை, விமானியைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டியதில்லை, நல்லதொரு செயலியும் கொஞ்சம் விளம்பரமும் இருந்தால் போதும் என்கிற அதன் தொனி எனக்கு உறுத்தலாக இருந்ததால் இதை எழுதுகிறேன்.

நான் சங்ககிரியில் 31 ஆண்டுகள் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்திவிட்டு ஓய்வில் இருப்பவன். விமானத்தைப் பற்றிப் பேச உனக்கு என்ன தெரியும் என்று வாசகர்கள் கேட்கலாம். என் தங்கை மகள் இதே தொழிலைத் தொடங்கப் போவதாகச் சொல்லி வந்தபோது, இதில் எனக்கு என்ன தெரியும் என்றுதான் நானும் அவளிடம் கேட்டேன். "மாமா, நீங்க பண்ணுன அதே வேலைதானுங்க. லாரிக்குப் பதிலா பிளேன்" என்றாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் விவரங்களைக் கேட்கக் கேட்க, அது முழுக்க உண்மை என்று எனக்குப் பட்டது.

புக்கிங் ஆபீஸ்காரனுக்குச் சொந்தமாக ஒரு டயர்கூடக் கிடையாது. யாருடைய வண்டி எந்த ஊரில் காலியாக நிற்கிறது, எதற்கு எஃப்.சி. என்ற வண்டித் தகுதிச் சான்று முடியப் போகிறது, எந்த டிரைவர் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேருவார் என்பதெல்லாம் அவன் மண்டையில் இருக்கும். அந்த அறிவுக்குத்தான் கமிஷன். கிருஷ்ணகிரி தாண்டி இரவு 2 மணிக்கு வண்டி நின்றுவிட்டால், பார்ட்டி லாரி முதலாளியைத் தேட மாட்டார். நம் வீட்டுத் தொலைபேசிதான் அடிக்கும். விமானப் பதிவுத் தளம் நடத்துபவரின் நிலையும் இதுதான். விமானத்தை இயக்குபவர் வேறொருவர். அவர் டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திடம் என்.எஸ்.ஓ.பி. என்ற அனுமதி பெற்றிருக்க வேண்டும். கால அட்டவணை இல்லாமல் வாடகைக்கு விமானம் இயக்குவதற்கான அனுமதி அது. நம் லாரிக்கு நேஷனல் பெர்மிட் போல என்று வைத்துக்கொள்ளலாம். எஃப்.சி. போலவே விமானத்துக்கும் பறக்கும் தகுதிச் சான்று உண்டு, அதன் பரிசீலனைச் சான்றை ஆண்டுதோறும் பெற வேண்டும். இந்தக் காகிதங்களையெல்லாம் கேட்டு வாங்கிப் பார்க்கத் தெரியாதவர் எவ்வளவு அழகான செயலி வைத்திருந்தும் பயனில்லை.

இதில் மிகவும் கவனிக்க வேண்டிய ஓர் ஏமாற்று உண்டு. வெள்ளை நம்பர் பிளேட் காரை வாடகைக்கு ஓட்டுவதை நம் ஊரில் எல்லோரும் பார்த்திருப்போம். விமானத்திலும் அது நடப்பது உண்டு. ஒரு நிறுவனம் தன் சொந்த உபயோகத்துக்கென்று பதிவு செய்து வைத்திருக்கும் விமானத்தைச் சத்தமில்லாமல் வெளியாருக்கு வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றம். அப்படிப் போகும்போது விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிட இடம் உண்டு. விலை கொஞ்சம் குறைவாக வருகிறதே என்று விசாரிக்காமல் கமிஷன் வாங்கிக்கொண்ட பதிவுத் தளமும் அந்தப் பழியில் பங்காளிதான். டி.ஜி.சி.ஏ. தன் இணையதளத்தில் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை, அவர்களிடம் உள்ள விமானங்களோடு சேர்த்தே வெளியிடுகிறது. வி.டி. என்று தொடங்கும் பதிவு எழுத்துகளை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

எங்கள் குடும்பத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு, பல்லடம் பக்கம் நூற்பாலை நடத்தும் என் மைத்துனர், வெளிநாட்டிலிருந்து வந்த இருவரை அழைத்துக்கொண்டு ராஜ்கோட் சென்று பஞ்சு பார்த்துவிட்டு அன்றே திரும்ப வேண்டியிருந்தது. நம் ஆலைகள் குஜராத்தின் சங்கர்-6 பஞ்சை வாங்குவது புதிதல்ல. ஒரே நாளில் போய்த் திரும்புவதற்குத்தான் வழி இல்லை. ஓர் இணையதளத்தில் சிறிய ஜெட் ஒன்றைப் பதிவு செய்தார். வந்த கொட்டேஷனை என்னிடம் காட்டினார். கோவையிலிருந்து ராஜ்கோட் போய்வர ஏறத்தாழ 4 மணி நேரம் என்பது எங்கள் கணக்கு. அதிலோ ஐந்தரை மணி நேரம் போட்டிருந்தது. விமானம் பெங்களூருவில் நிற்பதால் அங்கிருந்து காலியாக வந்து, காலியாகத் திரும்பும் நேரமும் நம் தலையில்தான். அது போக விமான நிலையக் கட்டணம், விமானிகளுக்கான செலவு, எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. இதில் எனக்கு வியப்பு எதுவும் இல்லை. டிரைவர் பேட்டாவும் காலி ஓட்டமும் நான் எழுதாத கணக்கா? ஆனால் இரண்டு பக்கக் காகிதத்தில் விமானம் யாருடையது என்பது மட்டும் எங்கும் இல்லை. கேட்டதற்கு "எங்கள் ஃப்ளீட் சார்", அதாவது எங்கள் விமானங்களில் ஒன்று, என்று பதில் வந்தது. முழுப் பணமும் கட்டிய பிறகு, புறப்படுவதற்கு முந்தைய இரவு 9 மணிக்கு, விமானத்தில் தொழில்நுட்பக் கோளாறு, பெரிய விமானம் தருகிறோம், கூடுதல் தொகை செலுத்தவும் என்று குறுஞ்செய்தி வந்தது. இயக்கும் நிறுவனத்தின் பெயரை அந்தச் செய்தியில்தான் முதன்முதலாகப் பார்த்தோம். பயணம் ரத்தானது. பணம் பல மாதம் கழித்து, பிடித்தம் போகத் திரும்பியது. ஆலை வேலைக்காகப் பதிவு செய்ததை வணிக நோக்கம் என்று வாதிட வாய்ப்பு இருப்பதால், நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதும் எளிதல்ல என்றார் எங்கள் வழக்கறிஞர்.

விமானம் பழுதானதை நான் குறை சொல்லவில்லை. இயந்திரம் என்றால் பழுதாகத்தான் செய்யும். பழுதோடு பறக்காமல் நிறுத்தியவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பழுதானால் அடுத்து என்ன, கூடுதல் செலவு யாருடையது, பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதை முன்கூட்டியே எழுதித் தராததுதான் தவறு.

இந்தத் தொழிலில் லாபம் எங்கே இருக்கிறது என்பதையும் அந்தக் கட்டுரை தொடவில்லை. எங்கள் ஆபீஸின் உயிர்நாடி ரிட்டர்ன் லோடுதான். சிமென்ட் ஏற்றிப்போன வண்டி காலியாகத் திரும்பினால் முதலாளிக்கு நஷ்டம், கிடைத்த சரக்கை ஏற்றினால் டீசல் காசாவது மிஞ்சும். தனி விமானத்திலும் ஒரு வழிப் பயணியை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் ஓட்டங்கள் நிறைய உண்டு. அவற்றைக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். ஆனால் மனிதர்கள் சிமென்ட் மூட்டைகள் அல்லவே. முதல் பயணி இரண்டு மணி நேரம் தாமதித்தாலோ பயணத்தையே கைவிட்டாலோ திரும்பும் ஓட்டமும் போய்விடும். அவசர மருத்துவத்துக்கோ முகூர்த்த நேரத்துக்கோ போகிறவரிடம் இதை மலிவு டிக்கெட் என்று விற்கக் கூடாது. எடை விஷயமும் அப்படித்தான். இந்தியாவில் பலர் வைத்திருக்கும் கிங் ஏர் பி200 என்ற இரட்டை எஞ்சின் விமானத்தின் அதிகபட்சப் புறப்பாட்டு எடை, எரிபொருள், ஆட்கள், விமானத்தின் எடை எல்லாம் சேர்த்தே 5,670 கிலோதான். நம் ஆறு சக்கர லாரி பாரமாக மட்டுமே அதைவிட அதிகம் ஏற்றும். திருப்பூர்க்காரர் எட்டுப் பேரோடு சாம்பிள் பெட்டிகளையும் எடுத்து வந்தால், எதை விட்டுவிட்டுப் போவது என்ற பஞ்சாயத்து விமானத்தின் படிக்கட்டருகே நடக்கும். பதிவு செய்யும்போதே ஆட்களின் எடையையும் பெட்டிகளின் எடையையும் கேட்காத தளம், தளமே அல்ல.

இத்தொழிலில் முன்னுதாரணங்கள் இல்லாமல் இல்லை. 2014-இல் கனிகா டெக்ரிவால் தொடங்கிய ஜெட்செட்கோ இந்தியாவில் தனி விமானப் பதிவுக்கு ஒரு வழி காட்டியது. அமெரிக்காவில் 2012-இல் தொடங்கிய ஜெட்ஸ்மார்ட்டர், உறுப்பினர் சந்தா வாங்கிக்கொண்டு சலுகைகளை மாற்றியதாக வழக்குகளைச் சந்தித்து, 2019-இல் விஸ்டா குளோபல் நிறுவனத்தின் கைக்குப் போனது. சந்தாப் பணத்தைக் கண்டு மயங்கும் நம் இளைஞர்கள் இரண்டாவது கதையையும் படிப்பது நல்லது.

அரசுக்கு ஒரு கோரிக்கை. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பிறருடைய சேவையை விற்றுத் தரும் இணையச் சந்தை, விற்பவரின் பெயர், முகவரி முதலியவற்றைக் காட்ட வேண்டும். புகாரை 48 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விமானப் பதிவுத் தளங்கள் "எங்கள் ஃப்ளீட்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள விடாமல், கொட்டேஷனிலேயே இயக்குபவரின் பெயர், அனுமதி எண், விமானத்தின் பதிவு எழுத்துகள் மூன்றும் இருக்க வேண்டும் என்று டி.ஜி.சி.ஏ. கட்டாயமாக்க வேண்டும். லாரி வாடகைச் சீட்டிலேயே வண்டி எண் எழுதாமல் நாங்கள் சரக்கு ஏற்றியதில்லை.

தங்கை மகளிடம் தொழில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செயலிக்கென்று ஒதுக்கியிருந்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அனுமதி பெற்ற நிறுவனங்களை நேரில் பார்த்துவிட்டு வா என்று மட்டும் சொன்னேன். பெங்களூருவில் இரண்டு நிறுவனங்களின் ஹேங்கர்களுக்கு, அதாவது விமானம் நிறுத்தும் கொட்டகைகளுக்கு, போய் வந்திருக்கிறாள். பராமரிப்பு மேலாளர் யார், இரவில் தொலைபேசி எடுப்பவர் யார், விமானம் பழுதானால் மாற்றுக்கு யாரிடம் கேட்பார்கள் என்றெல்லாம் ஒரு நீள நோட்டில் குறித்து வைத்திருக்கிறாள். இணையதளத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
சங்ககிரி, சேலம் மாவட்டம்.