காலை ஏழு மணிக்குச் சொன்னால் நாங்கள் எங்கே போவது? மேயருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கும், நகராட்சியின் குழந்தைகள் பராமரிப்புத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். இதே விஷயத்தை ஜெர்மனில் எழுதி உங்கள் அலுவலகத்துக்கு ஏற்கெனவே அனுப்பியிருக்கிறேன், பதில் வரவில்லை. இப்போது தமிழில் எழுதுகிறேன். ஜெர்மனியில் வேறு ஊர்களில் இதே பாடு படுகிற நம் ஆட்களும், இங்கே வேலைக்கு வரலாமா என்று கோவையிலும் சென்னையிலும் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பவர்களும் படிக்கட்டும் என்றுதான்.

கேட்பது இதுதான். கிட்டாவை, அதாவது நகராட்சியின் குழந்தைகள் பகல் காப்பகத்தை, மூடுவதாக இருந்தால் முந்தின நாள் மாலைக்குள் சொல்லுங்கள். சொல்ல முடியாத நாட்களுக்காக, நகரத்துக்குப் பொதுவாக ஒரு மாற்று ஊழியர் குழுவை வையுங்கள்.

போன வாரம் நடந்ததை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, அறிவிப்பே உங்கள் துறையிலிருந்துதான் வந்தது. ஆனால் அந்த அறிவிப்பு ஒரு வீட்டுக்குள் வந்து விழும்போது என்ன ஆகிறது என்பது உங்கள் மேசைக்கு வராது, அதனால் சொல்கிறேன். என் மகளுக்கு இரண்டரை வயது. மழை நாள். சேற்றுக்கான ரப்பர் கால்சட்டையை மாட்டி, பூட்ஸ் போட்டு, தோளில் பையோடு, டப்பாவில் அவளே எடுத்து வைத்த வெள்ளரித் துண்டுகளோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஆப்பில் செய்தி வந்தது: ஆள் பற்றாக்குறை, இன்று குழு இயங்காது, அவசரப் பராமரிப்பு எட்டுக் குழந்தைகளுக்கு மட்டும், தேவைப்படுவோர் பெயரைப் பதியவும். ஒரு கையால் அவள் பூட்ஸைச் சரிசெய்துகொண்டு மறு கையால் நான் திறந்து பார்ப்பதற்குள் எட்டு இடமும் நிரம்பிவிட்டது. கணவர் அதற்கு முன்பே ரயில் ஏறிவிட்டார், அவருக்கு வேலை பக்கத்து நகரத்தில். மகள் பூட்ஸைக் கழற்ற விடவே இல்லை. செருப்பு வைக்கும் பெஞ்சிலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்து, "இப்போ போலாமா அம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அவளை மடியில் வைத்துக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்தேன்.

அந்த மீட்டிங் பற்றியும் சொல்ல வேண்டும். நான் புது வேலையில் சேர்ந்து இன்னும் புரொபேஷன் முடியவில்லை. புரொபேஷனில் இருப்பவரை இரண்டு வார நோட்டீஸில் அனுப்பிவிடலாம் என்பது இந்த நாட்டுச் சட்டம். என் மேலாளர் நல்ல மனிதர், ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஆனால் போன முறை "பரவாயில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்" என்றவர் இந்த முறை எதுவும் சொல்லவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தாய்க்குப் பதினைந்து நாள், தகப்பனுக்குப் பதினைந்து நாள் என்று வருடத்துக்கு விடுப்பு உண்டு, காப்பீட்டிலிருந்து பணமும் வரும். நல்ல ஏற்பாடு, நன்றியோடு பயன்படுத்தியிருக்கிறோம். ஆனால் நன்றாக ஓடியாடும் குழந்தைக்கு நீங்கள் கதவைச் சாத்தினால் அந்த விடுப்பு கிடையாது. கொரோனா காலத்தில் மூடலுக்கும் அதைக் கொடுத்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். ஆக, மூடும் நாளெல்லாம் எங்கள் சொந்த விடுமுறையில் கழிகிறது. ஊருக்குப் போக என்று சேர்த்து வைத்த நாட்கள் அவை.

எங்கள் மாடியிலேயே இன்னொரு குழந்தை அதே குழுவில் இருக்கிறாள். செய்தி வந்த கொஞ்ச நேரத்தில் அவளுடைய பாட்டி காரில் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நல்லவேளை அவர்களுக்காவது பாட்டி இருக்கிறார். ஆனால் உங்கள் ஏற்பாடு முழுக்க எல்லா வீட்டிலும் ஒரு பாட்டி பக்கத்துத் தெருவில் இருப்பார் என்ற நம்பிக்கையில்தான் ஓடுகிறது. என் மகளின் அம்மாயி ஈரோட்டில் இருக்கிறார். அவர் விருந்தினர் விசாவில் வந்தால் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம், மகள் அவரிடம் நன்றாக ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் விமானம் ஏற வேண்டும். 2024 மார்ச் 1 முதல் பெற்றோரை அழைத்து வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தபோது என் கணவர் சந்தோஷத்தில் அம்மாவுக்கு உடனே போன் போட்டுவிட்டார். அப்புறம் படித்துப் பார்த்தால், அந்தத் தேதி முதல் முதல் முறையாக இங்கே வேலை செய்து வசிக்கும் அனுமதி வாங்கியவர்களுக்குத்தான் அது. நாங்கள் 2021-இல் வந்தவர்கள். முன்னாடியே வந்து வரி கட்டியவர்களுக்கு இல்லையாம். புதிதாக வந்தவர்களுக்கும் வயதான பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பதற்குள் உயிர் போகிறது. சரி, இது உங்கள் கையில் இல்லை, பெர்லினில் முடிவாகிற விஷயம். எங்கள் பக்கம் நிற்க வேறு ஆள் இல்லை என்பது உங்களுக்குப் புரிய வேண்டும் என்றுதான் சொன்னேன்.

உங்கள் கையில் இருப்பது முந்தின நாள் மாலைச் செய்தி. மாலை ஆறு மணிக்குத் தெரிந்தால் எங்களால் எவ்வளவோ செய்ய முடியும். கணவர் ரயில் ஏறாமல் இருப்பார், நான் மீட்டிங்கை மாற்றுவேன், இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து குழந்தைகளை முறை வைத்துப் பார்த்துக்கொள்வோம். காலை ஏழு மணிக்குத் தெரிந்தால் இதில் ஒன்றும் நடக்காது.

பராமரிப்பாளர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காய்ச்சலோடு வேலைக்கு வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்தில் மகளைப் பழக்கும் வாரங்களில், முதலில் நானும் கூடவே உட்கார்ந்து, பிறகு கால் மணி நேரம் வெளியே நின்று, பிறகு அரை மணி என்று அவள் அழுகையை நிறுத்தும் வரை எவ்வளவு பொறுமையாகக் கூட்டிக்கொண்டு போனார்கள்! அந்தப் பொறுமைக்கும் சேர்த்துத்தான் இந்த மூடல் உலை வைக்கிறது. இரண்டு நாள் போய், மூன்று நாள் போகாமல், மறுபடி போனால் அவள் மறுபடியும் கதவருகே அழுகிறாள். ஒருவர் லீவு போட்டால் குழுவையே மூட வேண்டிய நிலையில் அந்தப் பெண்களை வைத்திருப்பது நீங்கள். பழி மட்டும் காலையில் கதவருகே நிற்கும் அவர்கள் தலையில்.

ஆள் கிடைக்கவில்லை என்கிறீர்கள். கோவையில் சின்னக் குழந்தைகளுக்கு வருடக்கணக்கில் பாடம் சொல்லிக் கொடுத்த என் தோழி இதே ஊரில் ஒரு கேண்டீனில் தட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய சான்றிதழை அங்கீகரிக்கும் கோப்பு ஏதோ ஒரு மேசையில் கிடக்கிறது. மொழித் தேர்வு எழுதத் தயாராக இருக்கிறாள், உதவியாளராகச் சேரவும் தயார். 2024 அக்டோபரில் உங்கள் அரசு இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசாவை வருடத்துக்கு 20,000-இலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தது. அழைப்பதில் தவறில்லை. வருகிறவர்களுக்குக் குழந்தைகள் இருக்கும், அந்தக் குழந்தைகளைப் பகலில் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை எந்த அலுவலகம் கணக்கில் எடுத்தது? கையெழுத்துப் போடுவது பெர்லினில், கதவு மூடுவது எங்கள் தெருவில்.

சட்டம் உங்களுக்குத் தெரியும். ஒரு வயது நிறைந்த குழந்தைக்குப் பராமரிப்பு இடம் 2013 ஆகஸ்ட் 1 முதல் உரிமை. 2016 அக்டோபரில் லைப்சிக் நகரத் தாய்மார்கள் மூவரின் வழக்கில், இடம் கொடுக்கத் தவறி அதனால் பெற்றோர் சம்பளத்தை இழந்தால் நகராட்சியிடம் இழப்பீடு கேட்கலாம், கையில் பணமில்லை என்பது சாக்காகாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான் வழக்குப் போடப் போவதாக மிரட்டவில்லை. ஒப்பந்தத்தில் நீங்களே எழுதிக் கொடுத்த நேரத்தைத்தான் கேட்கிறேன். பெர்லினில் 2018 ஆகஸ்டிலிருந்து சாப்பாட்டுச் செலவு தவிர கட்டணமே கிடையாது. இங்கே கட்டணம் உண்டு, கட்டுகிறோம். ஆனால் மூடிய நாளுக்கும் முழுக் கட்டணத்தைப் பிடிப்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். ஒரு வேண்டுகோளாகவே கேட்கிறேன். முந்தின நாள் மாலை ஆறு மணிக்குள் சொல்லுங்கள். எந்தக் கிட்டாவில் ஆள் குறைந்தாலும் அன்று காலை அங்கே போய் நிற்க நகரத்துக்குப் பொதுவாக நாலு பேரையாவது சம்பளம் கொடுத்து வைத்திருங்கள். அவசர இடங்களை முதலில் போனைத் திறந்தவருக்குக் கொடுக்காமல், எல்லாக் குடும்பங்களுக்கும் முறை வரும்படி சுற்றில் விடுங்கள், அதிகாலை ஷிஃப்டுக்குப் போகும் நர்ஸுக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் அந்த நேரத்தில் கையில் போன் இருக்காது. மூடிய நாளின் கட்டணத்தை அடுத்த மாதத்தில் கழித்துக்கொடுங்கள்.

அடுத்த நகர மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் கேள்வி நேரத்துக்கு எங்கள் கிட்டாவின் பெற்றோர் பலர் வருகிறோம், துருக்கி, போலந்து, சிரியா, ஜெர்மனி என்று எல்லா வீட்டுக்காரர்களும். கூட்டம் மாலை ஆறு மணிக்கு என்பதால் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டுதான் வர முடியும். அதற்கு முன் எழுத்தில் ஒரு பதில் தந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
உங்கள் நகரத்தில் வரி கட்டி வாழும் ஒரு தாய்