முன்குறியைப் பார், மகன்

திருகோணமலை

அன்புள்ள மகன்,

நீ அனுப்பிய படங்கள் கிடைத்தன. துவக்கை விட, சுட்ட கடுதாசியைத்தான் கனநேரம் பார்த்தேன். பத்துச் சூட்டில் நான்கு கறுப்பு வட்டத்துக்குள், மிச்சம் திசைக்கொன்று. அதற்காகத் தொலைநோக்கி வாங்கித் துவக்கில் பூட்டப் போகிறேன் என்கிறாய். கொஞ்சம் பொறு.

பள்ளிக்கூடத்துக் கடெற்றில் எங்களுக்குத் தந்தது பழைய .303 துவக்கு. குறி பார்க்கிற பின்குறி குழலின் மேலே, கண்ணுக்கு எட்டத்தில், ஒரு சின்ன வெட்டு. அதற்கும் குழல் நுனியில் நிற்கிற முன்குறிக்கும் இடையில் அரை மீற்றர்தான். கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பிடிக்கும். வெட்டு, முன்குறி, இலக்கு மூன்றையும் சேர்த்துப் பிடிக்கப் பார்த்தால் கண்ணில் தண்ணீர்தான் வரும். எங்களைப் பழக்கிய சார்ஜன்ற் முன்குறி மட்டும் கூராகத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் மங்கினால் மங்கட்டும் என்பார்.

உன்னுடையது அதே .303 இன் பிந்திய வகை, நம்பர் 4. லோங் பிராஞ்ச் தொழிற்சாலையின் முத்திரையைப் படத்தில் கண்டேன். இரண்டாம் உலகப்போரில் நீ இருக்கும் ரொறன்ரோவுக்குப் பக்கத்திலேயே செய்து குவித்த சாமான். அதில் பின்குறி ஒரு துளை, கண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. துளையின் நடுவைக் கண் தானாகத் தேடிக்கொள்ளும். இரண்டு குறிக்கும் இடைத்தூரமும் கூட. முன்குறி ஒரு மில்லிமீற்றர் விலகினால், 300 மீற்றரில் என் துவக்கு 60 சென்ரிமீற்றர் பிழைக்கும். ஓர் ஆளின் பக்கத்தால் போய்விடும். உன்னுடையது 40 சொச்சம்தான். ஆகவே துவக்கில் பிழை சொல்லாதே. நீ கறுப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டு சுடுகிறாய் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. தியத்தலாவை முகாமில் படுத்தபடி ஆறுதலாகச் சுட்டு ஐந்து குண்டையும் ஓர் உள்ளங்கைக்குள் போட்டேன். தலைகால் தெரியாத புளுகம். அடுத்த நாள் 200 யார் தூரம் ஓடவிட்டு, விழுந்த கையோடு சுடச் சொன்னார்கள். மூச்சு வாங்க வாங்க முன்குறி கிணற்று வாளி போல ஏறி இறங்கியது. ஐந்தில் ஒன்றுதான் கடுதாசியில் பட்டது. அதுவும் பக்கத்துப் பெடியனுடைய கடுதாசியில்! எங்களை ஒருவரும் திருப்பிச் சுடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்.

அந்த .303 இன் பின்குறியில் 2000 யார் வரைக்கும் கோடு இருந்தது. அவ்வளவு தூரத்தில் ஆள் நிற்பதே கண்ணுக்குத் தெரியாது. உன் நம்பர் 4 இல் போர் அவசரத்துக்கு 300 யார், 600 யார் என்று இரண்டே துளையோடு ஒரு மலிவுப் பின்குறியும் போட்டார்கள். சண்டைக்கு அதுவே காணுமாக இருந்தது. 1952 இல் அமெரிக்க இராணுவத்துக்காக நோர்மன் ஹிட்ச்மன் எழுதிய அறிக்கையும், படையாள் துவக்கைப் பாவிப்பது பெரும்பாலும் 300 யாருக்குள்தான் என்றது. இங்கே சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடி வரிசையில் நின்று நின்று நானும் ஒன்று கவனித்திருக்கிறேன். ஆமிக்காரர் வைத்திருந்த ரி-56 துவக்கில் பின்குறித் தகட்டை 800 மீற்றர் வரை நகர்த்தலாம். ஆனால் நான் கண்ட துவக்குகளில் அந்தத் தகடு கீழே படுத்தபடியேதான் கிடந்தது. அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிறவன் கவனிக்கிற விசயமா இது என்று அம்மா திட்டுவா.

சரி, இனி நீ செய்ய வேண்டியது. வெயில் பட்டு முன்குறி மினுங்கினால் மெழுகுதிரிப் புகையில் கறுப்பாக்கு. நாங்கள் குப்பி விளக்கில் பிடிப்போம். துவக்கு வெறுமையா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுப் பிடி. பிறகு உன் சூட்டுக் கழகத்தார் விட்டால், கொஞ்சம் ஓடி வந்து ஐந்து சுடு. அந்தக் கடுதாசியை எனக்கு அனுப்பு, நல்லதைத் தெரிந்தெடுத்து அனுப்பாதே.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போனபோது, கோட்டைக்குள் மான்களுக்கு நடுவே துவக்கோடு நின்ற ஆமிப் பெடியனைக் கண்டு, உன்னை நினைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நடந்தா. பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை எங்கே பூட்டி வைத்திருக்கிறாய், சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்கச் சொன்னா. அதற்கு முதலில் பதில் எழுது.

அன்புடன்,
அப்பா