குண்டாற்றுக்கு ஓர் ஆசிரியை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு உதவிப் பேராசிரியர் பணி ஆணை வந்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். நீர்வளப் பொறியியலில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு அதே பாடத்தைக் கற்பிக்க வருகிறவர்கள் குறைந்துகொண்டே போகும் காலம் இது. அந்த மகிழ்ச்சியோடு கூடவே, பெங்களூரில் ஓர் ஆலோசனை நிறுவனம் இரு மடங்குச் சம்பளத்துக்கு அழைக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். "வாழ்நாள் முழுக்க வாத்தியாராக இருந்தவன் நீ. எதில் சேரச் சொல்வது?" என்று கேட்டிருக்கிறாய். தொலைபேசியில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கல்லூரியில் சேரச் சொல். ஆனால் சேர்ந்த முதல் வருடமே அவள் ஓர் ஆற்றைத் தேர்ந்தெடுத்து, அதன் தண்ணீரை அளந்து எழுதத் தொடங்க வேண்டும். ஓய்வு பெறும்வரை அதை விடக் கூடாது. இந்த ஒன்றைச் செய்வாள் என்றால் அந்த வேலைக்கு ஈடாக எந்த நிறுவனத்தையும் நான் சொல்ல மாட்டேன். செய்ய மாட்டாள் என்றால் பெங்களூருக்கே போகட்டும்.

சம்பளத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய், அதற்கு மேல் படிகள். சுயநிதிக் கல்லூரிகளில் பல இடங்களில் இது கிடைப்பதில்லை. அவளுக்குக் கிடைத்திருப்பது முறையான ஊதியமுள்ள இடம் என்பதால் குடும்பம் நடத்தப் போதும். முதல் சில ஆண்டுகள் நில அளவை, இயக்கவியல், வரைபடம் என்று கையில் கொடுத்ததையெல்லாம் எடுக்க வேண்டியிருக்கும். தர மதிப்பீட்டுக் குழு வரும் மாதங்களில் கோப்பு தயாரிப்பதிலேயே பொழுது போகும். இதெல்லாம் எல்லாக் கல்லூரிகளிலும் உண்டு, எப்படியோ கடந்துவிடலாம்.

கடினமானது வேறு: புத்தகக் கணக்கை ஆற்றங்கரையோடு சேர்த்துக் காட்டுவது. திறந்த வாய்க்கால் ஓட்டத்தை எடுத்துக்கொள். தண்ணீர் ஓடும் வேகத்தைக் கணக்கிடும் மானிங் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதி, சொரசொரப்புக் கெழு, அதாவது வாய்க்கால் தண்ணீரைத் தடுக்கும் அளவு, என்ன என்று கேட்டால் மாணவர்கள் அட்டவணையைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். சுத்தமான மண் வாய்க்காலுக்கு 0.02 என்று விடையும் சரியாக வரும். அதே மாணவர்களை மானாமதுரைப் பக்கம் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் ஒரு வரத்துக்காலுக்கு அழைத்துப் போய் நிறுத்தினால் திகைத்துப் போகிறார்கள். உள்ளே நெய்வேலிக் காட்டாமணக்கு இடுப்புயரம், கரை இரண்டிலும் சீமைக்கருவேல். அங்கே அந்தக் கெழு 0.08 வரை போகும். வாய்க்காலின் அகலமும் ஆழமும் சரிவும் மாறாமலிருக்க, தண்ணீரின் வேகம் மட்டும் நாலில் ஒரு பங்காகிவிடுகிறது. பருவத்தில் விழும் நாலு நல்ல மழையை நம்பியிருக்கும் கண்மாய்க்கு அந்த வேகக் குறைவு என்ன செய்யும் என்பதை அவர்களே அங்கே நின்று கணக்குப் போடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்தச் சமன்பாட்டை அவர்களுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியிருப்பதில்லை. பாசனத் தண்ணீரைப் பங்கிட்டு விடும் ஊர் நீர்க்கட்டி வந்து, எந்த மடையை எப்போது திறப்பது, தண்ணீர் குறைந்த வருடத்தில் முறை எப்படி மாறும் என்று சொல்ல ஆரம்பித்தால் நான் ஒதுங்கி நின்றுகொள்வேன். அந்த ஒரு மணி நேரத்துக்கு இணையான வகுப்பை நான் எடுத்ததில்லை.

2015 சென்னை வெள்ளமும் இதைத்தான் கற்பித்தது. டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது என்பது ஊருக்கே தெரியும். அதை யார் சொல்லித் திறந்தார்கள், முன்கூட்டியே திறந்திருக்கலாமா என்ற வாதத்திலேயே எல்லோரும் நின்றுவிட்டார்கள். வகுப்பில் நான் போடச் சொன்னது ஒரு சின்னப் பெருக்கல். நொடிக்கு 29,000 கன அடி ஒரு முழு நாள் ஓடினால் 2.5 டி.எம்.சி., அதாவது 250 கோடி கன அடி. ஏரியின் மொத்தக் கொள்ளளவே 3.645 டி.எம்.சி.தான். ஏரியில் எவ்வளவு இடம் காலியாக வைத்திருந்தால் எத்தனை மணி நேரம் தாக்குப்பிடித்திருக்கும் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். அடுத்த கேள்வியில்தான் மாட்டிக்கொண்டோம். அடையாற்றில் ஓடியது செம்பரம்பாக்கம் தண்ணீர் மட்டுமல்ல. ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரியும் அதில்தான் சேர்கிறது. அந்தச் சிற்றேரிகளின் கலங்கலில், அதாவது உபரி நீர் வழியும் இடத்தில், மணிக்கு எவ்வளவு வழிந்தது? அங்கே மணிக்கணக்கில் அளந்து எழுதும் வழக்கம் நம்மிடம் இல்லை. பொதுப்பணித் துறையில் இருந்த உனக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். நகரத்தின் பாதி வெள்ளத்தில் கிடந்தபோது, காரணங்களில் ஒரு பெரும் பங்குக்கு எண் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தோம். இன்றும் எனக்கு அதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

அளவு இல்லாத இடத்தில் ஆய்வுக் கட்டுரை மட்டும் ஏராளமாக இருக்கிறது. வானிலைத் தரவு இணையத்தில் கிடைக்கிறது, செயற்கைக்கோள் படம் கிடைக்கிறது, மாதிரி மென்பொருள் இலவசம். அறையை விட்டு வெளியே வராமலே வருடத்துக்கு இரண்டு கட்டுரை எழுதிவிடலாம், பதவி உயர்வும் வாங்கிவிடலாம். அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. புவியீர்ப்பு மாற்றத்தை அளக்க 2002-இல் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் இல்லாவிட்டால், ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பகுதிகளில் ஆறே ஆண்டுகளில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் போய்விட்டது என்பதை 2009-இல் உலகம் அவ்வளவு தெளிவாக அறிந்திருக்காது. ஆனால் அந்தப் பார்வைக்கு நம் மாநிலம் முழுவதுமே ஒரு சிறு துண்டு. திருச்சுழியில் ஒரு கிணறு ஏன் வற்றியது என்பதை அது சொல்லாது. அதற்கு ஆள் போய்க் கயிறு விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வருடம் பார்த்தாலும் போதாது.

நீலகிரியில் கிளென்மார்கனில் நடந்த ஆய்வை உன் மகளுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும், ஆனாலும் மறுபடி படிக்கச் சொல். உதகை மண் வளப் பாதுகாப்பு ஆய்வு மையத்தார் அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். இரண்டிலும் முதலில் சில ஆண்டுகள் ஓடையை அளந்தார்கள். பிறகு ஒன்றைப் புல்வெளியும் சோலையுமாக அப்படியே விட்டுவிட்டு, மற்றதின் பெரும்பகுதியில் 1972-இல் யூகலிப்டஸ் நட்டார்கள். அடுத்த பத்தாண்டுகள் தொடர்ந்து அளந்ததில் ஓடை நீர் சராசரியாக 16 சதவீதம் குறைந்திருந்தது. வெட்டிய மரங்கள் மறுபடி துளிர்த்து வளர்ந்த இரண்டாவது சுற்றில் இழப்பு இன்னும் கூடியது. மரம் நட்டால் தண்ணீர் பெருகும் என்று மேடைக்கு மேடை பேசும் நாட்டில், எந்த மரம், எந்த மண்ணில், எவ்வளவு தண்ணீரைக் குடிக்கும் என்று எண்ணால் சொன்னவர்கள் அவர்கள். மழையிலும் பனியிலும் போய் அந்த ஓடையின் அளவைக் குறித்து வைத்தவர்கள் எனக்குப் பெரிய மனிதர்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பர்ட் புரூக் என்ற சின்ன ஓடையும் அப்படித்தான். 1963 முதல் அங்கே மழையையும் ஓடை நீரையும் விடாமல் சோதித்து வந்ததால்தான் வட அமெரிக்காவில் அமில மழை பெய்வது தெரிய வந்தது. தேடிப் போனது அமில மழையை அல்ல. இடம் மாறாமல் இருந்தார்கள், அதனால் கண்ணில் பட்டது.

பதவி உயர்வுப் படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது. பத்து ஆண்டுகள் அளந்தால்தான் ஒரு முடிவு வரும், படிவமோ நாலைந்து ஆண்டுக்குள் எண்ணிக்கை கேட்கிறது. உன் மகள் இரண்டையும் சமாளிக்க வேண்டியிருக்கும். கணினியில் எழுதும் கட்டுரைகள் அவள் பதவியைப் பார்த்துக்கொள்ளும். ஆற்றங்கரை வேலையை அதற்குப் பக்கத்திலேயே, யாரும் கேட்காவிட்டாலும், நடத்திக்கொண்டு போகட்டும்.

எந்த ஆறு என்று கேட்பாள். காவிரிக்கு ஆள் இருக்கிறது. தீர்ப்பாயம், ஆணையம், நீதிமன்றம் எல்லாம் அங்கே அளந்துகொண்டுதான் இருக்கின்றன. நான் ராமநாதபுரம் பக்கத்துக் குண்டாற்றைச் சொல்வேன். நீ வேலை பார்த்த படுகை என்பதற்காக மட்டுமல்ல. மாயனூர்க் கதவணையிலிருந்து காவிரி வெள்ள நீரை வைகை வழியாகக் குண்டாற்றுக்குக் கொண்டுவர 262 கிலோமீட்டர் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அது முழுதாக முடிந்து தண்ணீர் வரும் நாளில் எல்லோரும் கேட்கப்போவது, இதனால் எத்தனை கண்மாய் நிறைந்தது, எத்தனை கிணறு ஊறியது, கடைமடைக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பதைத்தான். தண்ணீர் வருவதற்கு முந்தைய பத்து வருடக் கணக்கு கையில் இல்லாவிட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. அவரவர் விருப்பப்படி ஒரு எண்ணைச் சொல்வார்கள். அந்தக் கணக்கை இப்போதே எழுதத் தொடங்க ஒருவர் வேண்டும். திட்டக் காலம் முடிந்ததும் நிறுவனம் அடுத்த ஒப்பந்தத்துக்குப் போய்விடும், அதன் மேல் குற்றமில்லை. துறையில் உங்களை மூன்று வருடத்துக்கு ஒரு முறை இடம் மாற்றினார்கள். முப்பது வருடம் ஓர் ஆற்றோடு இருக்க முடிகிற ஒரே பொறியாளர் கல்லூரி ஆசிரியர்தான். ஆண்டுதோறும் புதிதாக இளம் கைகளும் அவரிடம் வந்து சேர்கின்றன. அவள் எடுக்கப்போகும் வேலையில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய சொத்து இது.

பெண் பிள்ளை என்பதால் உன் மனைவி கவலைப்படுகிறார் என்று எழுதியிருந்தாய். அந்தக் கவலையை நான் லேசாக எண்ணவில்லை. கண்மாய்க் கரையில் கழிப்பறை இருக்காது, மழை நாளில் திரும்ப இருட்டிவிடும், அந்தக் காரணத்தைச் சொல்லியே மாணவிகளைக் களத்துக்கு அனுப்பாத துறைத் தலைவர்களைப் பார்த்திருக்கிறேன். அவள் ஒருத்தி ஜீப்பில் ஏறிப் போனால் அவளுக்குப் பின்னால் மாணவிகள் போவார்கள். அதற்காகச் சேரும் முன்பே சில விஷயங்களைக் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். களப்பணிக்கு வாகனம், உடன் வர ஓர் ஆய்வக உதவியாளர், தானியங்கி மழைமானிகளுக்கும் நீர்மட்டக் கருவிகளுக்கும் தொடக்க நிதி. சேர்வதற்கு முன் கேட்டால் கிடைக்கும். சேர்ந்த பிறகு கேட்டால் அடுத்த நிதியாண்டு என்பார்கள். ஊர்க்காரர்கள் புரிந்துகொள்ளும்படி ஆண்டுக்கு ஒரு முறை கண்மாய்க் கணக்கைத் தமிழில் எழுதிப் பாசன சங்கத்திடம் கொடுக்கவும் சொல். அவர்கள் நம்பினால் கருவியை யாரும் பிடுங்க மாட்டார்கள், பழுதானால் அவர்களே கூப்பிட்டுச் சொல்வார்கள்.

இனி உன்னிடம் ஒரு வேண்டுகோள். உதவிப் பொறியாளராக இருந்தபோது கண்மாய் மட்டத்தையும் கலங்கல் ஓடிய நாட்களையும் சொந்த நோட்டில் எழுதி வைத்திருந்தாய் அல்லவா? வீடு மாற்றும்போது பரணில் போட்டதாகச் சொன்னாய். அவற்றை எடைக்குப் போட்டுவிடாதே. தேதியும் கண்மாய்ப் பெயரும் தெளிவாக இருக்கும் பக்கங்களை அவள் கணினியில் ஏற்றிக்கொள்ளட்டும். குண்டாற்றுக் கணக்கு உன் கையெழுத்திலிருந்தே தொடங்கட்டும்.

நான் மே மாதம் ஓய்வு பெறுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது, முழங்கால்தான் கரை ஏறும்போது வலிக்கிறது. பொங்கலுக்குப் பிறகு அவளை அழைத்துக்கொண்டு வா. கண்மாய்களில் தண்ணீர் நிற்கும் நேரம் அது. கமுதி வரை போய்ப் பார்த்துவிட்டு, முதல் கருவியை எங்கே வைப்பது என்று மூவரும் சேர்ந்து முடிவு செய்வோம். புறப்படும் தேதியை முன்கூட்டியே எழுது, அந்தப் பகுதி நீர்க்கட்டியிடம் சொல்லி வைக்க வேண்டும்.

என்றும் அன்புடன்,
உன் விடுதி அறைத்தோழன்