கொக்கும் கொங்கணவரும்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மா படுத்த படுக்கையாகிவிட்டதால் பதில் எழுத உட்கார முடியவில்லை. பெரியவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. இந்த வருஷத்தில் நல்ல சேதி அது ஒன்றுதான்.

வீட்டில் தியானம் கூடவில்லை, ஓய்வு பெற்றதும் ஏதாவது ஆசிரமத்துக்குப் போய்விடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் பொறாமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்?

நானும் விடிகாலை நாலரைக்கு உட்காருகிறேன். மனம் கொஞ்சம் அடங்கி வரும் நேரம் பார்த்து அம்மா கூப்பிடுவாள். போன வாரம் ஒருநாள் எரிந்து விழுந்துவிட்டேன். அவள் கேட்டது ஒரு வாய் தண்ணீர். கொடுத்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தால் மந்திரம் வரவில்லை, கொங்கணச் சித்தர்தான் நினைவில் வந்தார். எச்சமிட்ட கொக்கை முறைத்தே எரித்தவர், பிச்சையிடத் தாமதமானதற்கு வள்ளுவர் மனைவி வாசுகியையும் முறைத்தார். 'கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா' என்று கேட்டாளே, அந்தக் கதை. சின்ன வயதில் அதைப் பத்தினியின் மகிமையாகத்தான் கேட்டோம். இப்போது எனக்குக் கொங்கணவர் மேல்தான் கண். கொக்கை எரித்தபோது அது தவத்தில் கிடைத்த சித்தியாகத் தெரிந்திருக்கும். ஒரு வீட்டு வாசலில் காக்க வைக்கப்பட்டபோதுதான் வெறும் கோபம் என்று தெரிந்தது. மகாபாரதத்திலும் கிட்டத்தட்ட இதே கதை உண்டு. அங்கே அந்தப் பெண், கொக்கை எரித்துவிட்டு வந்த கௌசிகனை மிதிலையில் இறைச்சி விற்கும் தர்மவியாதனிடம் அனுப்புகிறாள். அவனோ வயதான தாய் தகப்பனைக் காட்டி, எனக்குத் தெய்வம் இவர்கள்தான் என்கிறான்.

சன்னியாசத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. முறைப்படி வாங்குகிறவர் தனக்குத் தானே சிராத்தம் செய்துகொண்டு கிளம்புகிறார். நீயோ பென்ஷனையும் கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்க்கிறாய்! நீ கேட்பது வானப்பிரஸ்தம்தானப்பா, இல்லறக் கடமை முடிந்து ஒதுங்கி வாழ்கிற நிலை. அதற்கு மனைவியும் கூட வரலாம். அவளிடம் கேட்டாயா?

ரமணர் போகவில்லையா என்பாய். 1896-இல் பதினாறு வயதில் போனார், சரி. ஆனால் முறைப்படி சன்னியாசம் வாங்கவில்லை. வீட்டை விடட்டுமா என்று கேட்டு வந்தவர்களிடம், இங்கே 'இல்லறத்தான்' என்று நினைக்கிற மனம் அங்கே போய் 'துறவி' என்று நினைக்கும், அவ்வளவுதான் என்பார். அப்புறம், அவர் விட்டுவந்த அம்மாவே 1916-இல் அவரிடம் வந்து சேர்ந்தார். 1922-இல் அந்த அம்மாள் மறைந்த அன்று, கடைசி வரை நெஞ்சில் ஒரு கையும் தலையில் ஒரு கையும் வைத்து உட்கார்ந்திருந்தார் மகன். அந்தக் காட்சியை நான் இப்போதெல்லாம் அடிக்கடி நினைக்கிறேன்.

நீ முடிவெடுக்கும் முன் ஒரு வாரம் இங்கே வந்து இரு. அம்மாவுக்கு உன்னை அடையாளம் தெரியும். முதல் நாள் நீ உட்கார், அவள் கூப்பிட்டால் நான் போகிறேன். மறுநாள் நான் உட்காருகிறேன்.

உன்,
ராகவன்