யாரிடம் கண்டுபிடித்த மரபணு என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடல் அழற்சி நோய்க்குக் காரணமான மரபணு கண்டுபிடிப்பு என்று எங்கே செய்தி வந்தாலும் நான் முதலில் தேடுவது ஒரே ஒரு விவரத்தைத்தான்: யாருடைய ரத்தத்தில் கண்டுபிடித்தார்கள்? பெரும்பாலும் அது செய்தியில் இருப்பதில்லை. எங்கள் குடும்பத்தில் குடல் அழற்சி நோயின் ஒரு வகையான கிரோன் நோயோடு வாழ்கிறவர் இருக்கிறார், அதனால் இதைச் சின்ன விடுபடலாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நாட்-2 என்கிற மரபணுவைப் பாருங்கள். கிரோன் நோயோடு தொடர்புள்ளது என்று 2001-ல் உறுதியான முதல் மரபணு இது. பாக்டீரியாவின் செல் சுவரிலிருந்து வரும் துணுக்குகளை அடையாளம் கண்டு நோய் எதிர்ப்பு செல்களை உசுப்பிவிடுவது இதன் வேலை. ஐரோப்பிய வம்சாவளியைச் சேர்ந்த கிரோன் நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் இதன் மூன்று முக்கிய மாற்றங்களில் ஒன்றாவது இருக்கிறது. அதே மூன்றையும் ஜப்பான், சீனா, கொரியா நோயாளிகளிடம் தேடிப் பார்த்தார்கள், இல்லை. ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் ஓரளவு இருக்கிறது, அதுவும் ஐரோப்பிய மூதாதையர் கலப்பு வழியாக வந்ததுதான். சரி, அப்படியானால் கிழக்காசியாவில் கிரோன் நோய் வருவதில்லையா? வருகிறது, அங்கும் பரம்பரைக்குப் பங்கு இருக்கிறது, ஆனால் வேறு மரபணுவில் அழுத்தமாக இருக்கிறது. 2005-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கிரோன் நோயோடு தொடர்புள்ளதாகக் கண்டுபிடித்த டிஎன்எஃப்எஸ்எஃப்15 என்ற மரபணுவுக்குக் கிழக்காசியர்களிடம் பெரிய தாக்கம் உள்ளது, ஐரோப்பியர்களிடம் அதே மரபணுவின் பங்கு ரொம்பச் சிறியது.

நாட்-2 பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்ததும் "அப்போ இது பரம்பரை இல்லை" என்று எங்களிடம் சொன்னவர்கள் உண்டு. ஐரோப்பியர்களை வைத்துத் தயாரான ஒரு பட்டியலில் பெயர் இல்லை என்பதை மட்டும்தான் அந்த முடிவு சொல்கிறது. மறுபுறம், அந்த மாற்றம் இருக்கிறவர்களும் பயந்து நடுங்க வேண்டியதில்லை, பெற்றோர் இருவரிடமிருந்தும் அதை வாங்கியவர்களில்கூடப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. இதையும் செய்திகள் சொல்வதில்லை.

இதைப் படித்துவிட்டு ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு தனி நோய் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. கிழக்காசியர்களையும் ஐரோப்பியர்களையும் சேர்த்து ஆராய்ந்து 2023-ல் வெளியான பெரிய ஆய்வில் குடல் அழற்சி நோயோடு தொடர்புள்ள 300-க்கும் மேற்பட்ட மரபணுப் பகுதிகள் தெரியவந்தன, அவற்றில் பெரும்பாலானவை இரு தரப்புக்கும் பொதுவானவைதான். எந்த மாற்றம் எங்கே அதிகம், எங்கே அரிது என்பதில்தான் வித்தியாசம். ஆனால் யாரைச் சோதித்தோம் என்பதில் இருக்கும் ஏற்றத்தாழ்வு பயங்கரமானது: 2015-ல் பல மக்கள் குழுக்களை முதன்முறையாக இந்த அளவில் ஒப்பிட்ட ஆய்விலேயே ஐரோப்பியர்கள் 86,000-க்கும் மேல், கிழக்காசியர், இந்தியர், ஈரானியர் எல்லோரையும் சேர்த்தும் 10,000-ஐத் தொடவில்லை. அந்த ஆய்வே ஒரு முன்னேற்றம் என்று பாராட்டப்பட்டது என்றால் அதற்கு முந்தைய நிலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்து விவகாரம் என்று நினைப்பவர்களுக்காகத்தான் அடுத்த விஷயத்தைச் சொல்கிறேன், இந்தக் கடிதத்தையே நான் எழுதுவது இதற்காகத்தான். அசாதயோபிரின் இந்த நோய்க்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கப்படும் மருந்து. சிலருக்கு அது எலும்பு மஜ்ஜையைப் பாதித்து வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். ஐரோப்பியர்களில் இதற்கு முக்கியக் காரணம் டிபிஎம்டி என்ற நொதியின் குறைபாடு என்று தெரிந்து, மருந்து தொடங்குமுன் அதைச் சோதிக்கும் வழக்கம் வந்தது. ஆனால் ஆசிய நோயாளிகளில் டிபிஎம்டி குறைபாடு அரிது, வெள்ளை அணு குறைவதோ அதிகம், அதுவும் குறைந்த அளவு மருந்திலேயே! புதிர் அவிழ்ந்தது 2014-ல், கொரியாவில் நடந்த ஆய்வில். என்யூடிடி15 என்று இன்னொரு மரபணு. மருந்து உடலுக்குள் மாறி உருவாகும் வீரியமான பொருளை உடைத்துச் செயலிழக்க வைப்பது அதன் வேலை, அது பழுதானால் அந்தப் பொருள் செல்களில் தேங்கிவிடுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்த அதன் இரு பிரதியும் பழுதானவர்கள் வழக்கமான அளவைச் சாப்பிட்டால் சில வாரங்களிலேயே வெள்ளை அணுக்கள் சரிகின்றன, தலைமுடியும் கொத்தாகக் கொட்டுகிறது. கிழக்காசியாவில் ஏறக்குறைய 50 பேரில் ஒருவர் இப்படி இருக்கிறார். தெற்காசியர்களிடமும் லத்தீன் அமெரிக்கப் பூர்வகுடி வம்சாவளியினரிடமும் இந்த மாற்றம் இருக்கிறது, ஐரோப்பியர்களிடம் அரிது.

அப்படியானால் டிபிஎம்டி மட்டும் பார்த்துவிட்டு "நார்மல்" என்று வரும் அறிக்கை ஓர் ஆசிய நோயாளிக்குப் பொய்யான தைரியத்தைத்தான் கொடுக்கிறது. மருந்தின் அளவை மரபணு பார்த்து முடிவு செய்வதற்கான சர்வதேச வழிகாட்டுதலில் 2018-லேயே என்யூடிடி15 சேர்க்கப்பட்டுவிட்டது, ஆனாலும் இந்தப் பெயரை ஒரு தடவைகூடக் கேள்விப்படாமல் மாத்திரையைத் தொடங்குகிறவர்கள் எத்தனையோ பேர். (ஏற்கெனவே இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள். சோதனை முடிவு எப்படி இருந்தாலும் ரத்த அணு எண்ணிக்கையை அவ்வப்போது பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.)

மரபணு மட்டுமே இந்த நோயைத் தீர்மானிப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஒரே மரபணுத் தொகுப்புள்ள இரட்டையரில்கூட ஒருவருக்கு நோய் வந்து மற்றவருக்கு வராமல் போவது சகஜம். ஆசியாவில் சில பத்தாண்டுகளில் இந்த நோய் இவ்வளவு கூடியதற்கும் மரபணுவைக் குற்றம் சொல்ல முடியாது, அது அவ்வளவு சீக்கிரம் மாறாது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. இனி மரபணு பற்றிய மருத்துவச் செய்தி போடும்போது எந்த மக்களிடம், எத்தனை பேரிடம் ஆய்வு நடந்தது என்று ஒரு வரி சேருங்கள். அப்புறம், என்யூடிடி15 பற்றி ஒரு குடல் நோய் நிபுணரிடம் கேட்டு ஒரு கட்டுரையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் குடும்பத்தைச் சேர்ந்த வாசகர்